ஸ்கீமா இல்லாத எக்ஸ்எம்எல்: டேட்டா டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் உட்கார்ந்துகொண்டு ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும் டேனரிகளுக்கும் ஸ்க்ரிப்ட் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. சலான், பேக்கிங் லிஸ்ட், கணக்கு எல்லாம் எக்ஸ்எம்எல்லாக, அதாவது டேக் போட்டு எழுதிய ஃபைலாக, வந்து விழும். கூடவே ஸ்கீமாவும் வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளும் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்களும் போனில் ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கட்டளைப் பெயர்களையும் ஃபைலில் வரும் ஆங்கிலச் சொற்களையும் இங்கே உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்குப் பக்கம் முழுக்க இந்த ஒரு சலான்தான்:

```
<சலான் எண்="00417" தேதி="05/06/2023">
  <இடம் எஸ்டிடி="0416">வேலூர்</இடம்>
  <உருப்படி அளவு="9" ஜோடி="120" விலை="385.50"/>
  <உருப்படி அளவு="10" ஜோடி="84" விலை="385.50"/>
  <உருப்படி அளவு="11" ஜோடி="" விலை="1,410.00"/>
  <முடிந்தது>ஃபால்ஸ்</முடிந்தது>
</சலான்>
```

ஸ்கீமான்னா இன்னாக்கா? அது இல்லாம எக்ஸ்எம்எல் செல்லுமா?

செல்லும். எக்ஸ்எம்எல் 1.0 வந்தது 1998 பிப்ரவரியில். எக்ஸ்எம்எல் ஸ்கீமா வந்தது 2001 மே மாதம். நடுவில் மூன்று வருஷம் உலகம் ஸ்கீமா இல்லாமலேதான் ஓடியது. திறந்த டேக்கை மூட வேண்டும், ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக அடங்க வேண்டும், டேக்குக்குள்ளேயே எழுதும் எண், தேதி போன்ற அட்ரிபியூட்டின் மதிப்புக்கு மேற்கோள் குறி வேண்டும். இவ்வளவு இருந்தால் பெரும்பாலும் பார்சர் (ஃபைலைப் படிக்கும் புரோகிராம்) வாயைத் திறக்காது.

ஸ்கீமா என்பது அதற்கு மேல் ஒரு விதிப் பட்டியல். ஜோடி என்றால் முழு எண், விலை என்றால் தசமம், தேதி என்றால் தேதி என்று சொல்லும் தனி ஃபைல் அது. அது இல்லாவிட்டால் ஃபைல் கெட்டுப்போகாது, ஆனால் எது என்ன வகை என்று சொல்ல ஆள் இருக்காது. அந்த ஆள் நீங்களாகிவிடுவீர்கள்.

ஃபைல்ல 120ன்னு நம்பராத்தானே இருக்கு, அதை ஏன் ஸ்ட்ரிங்னு சொல்றீங்க?

நம்பராகப் பார்ப்பது உங்கள் கண். பார்சருக்கு அது 1, 2, 0 என்ற மூன்று எழுத்து, அதாவது ஸ்ட்ரிங். ஜேசான் என்ற இன்னொரு ஃபைல் வகையில் மேற்கோள் குறி இல்லாவிட்டால் எண், இருந்தால் ஸ்ட்ரிங் என்று எழுத்திலேயே வித்தியாசம் காட்டலாம். எக்ஸ்எம்எல்லில் அந்த வசதி கிடையாது. அட்ரிபியூட் எதுவாக இருந்தாலும் மேற்கோள் குறிக்குள்தான் வந்தாக வேண்டும்.

பைத்தானில் எலிமென்ட்ட்ரீ என்ற எக்ஸ்எம்எல் லைப்ரரியை வைத்து நம் சலானைப் படித்து முதல் இரண்டு ஜோடி எண்ணிக்கையையும் கூட்டிப் பாருங்கள். 204 வராது, 12084 வரும். ஒட்டிவிட்டது. இதைப் பார்த்துப் பதறி போன் செய்தவர்கள்தான் அதிகம்.

எக்ஸ்பாத் தானாவே கண்டுபிடிச்சு மாத்திக்கும்னு சொன்னாங்களே?

பாதி உண்மை. எக்ஸ்எம்எல்லுக்குள் வேண்டியதைத் தேடி எடுக்கும் மொழி எக்ஸ்பாத். அது எதையும் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து நடந்துகொள்கிறது. 2007இல் வந்த எக்ஸ்பாத் 2.0 முதல், ஸ்கீமா இல்லாத ஃபைலில் இருந்து எடுத்த மதிப்புக்கு அன்டைப்டு அடாமிக் என்று பெயர். வகை முடிவாகாத சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல், பெருக்கல் போட்டால் அது டபுள் என்ற தோராயத் தசம எண் ஆகும். சம குறி, சிறியது குறி போட்டு ஓர் எண்ணோடு ஒப்பிட்டாலும் டபுள் ஆகும். தேதியோடு ஒப்பிட்டால் தேதியாக மாறப் பார்க்கும். இன்னொரு வகை முடிவாகாத சரக்கோடு ஒப்பிட்டால் இரண்டும் ஸ்ட்ரிங்.

எழுத்தால் எழுதும் ஒப்பீடு வேறு கதை. சம குறிக்குப் பதிலாக ‘ஈக்யூ’ போட்டால் ஸ்ட்ரிங்காகவே எடுத்துக்கொள்ளும். ஜோடி ஈக்யூ 120 என்று எழுதினால், ஸ்ட்ரிங்கையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்று எரர் கொடுக்கும். பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை, எனக்குப் பிடிக்கும். அந்த எரரைப் பார்த்த பிறகுதான் வகையை யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள்.

ஆகவே மாற்றத்தை அதன் கையில் விடாதீர்கள். எடுக்கும் இடத்திலேயே டெசிமல் (தசமம்), இன்டிஜர் (முழு எண்), தேதி என்று நீங்களே மாற்றி எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் அதைச் செய்யாததால் வந்தவை.

அளவு வாரியா அடுக்கினா 10, 11, 9ன்னு வருது. ஷூ கம்பெனிக்காரர் சிரிக்கிறார்.

அகர வரிசை. 1 என்ற எழுத்து 9க்கு முன்னால் வருவதால் 10 முந்திக்கொண்டது. எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் சார்ட் போடும்போது வகை சொல்லாவிட்டால் இப்படித்தான். டேட்டா டைப் என்ற அட்ரிபியூட்டில் நம்பர் என்று போடுங்கள், சரியாகிவிடும். எக்ஸ்எம்எல்லில் கேள்வி கேட்டு எடுக்கும் எக்ஸ்க்வெரியின் ஆர்டர் பை-யிலும் இதே கதைதான், அங்கே நம்பர் பங்ஷனுக்குள் வைத்துக் கொடுங்கள்.

அளவு 7½ என்று அந்த அரைக் குறியோடு வந்தால் நம்பர் பங்ஷன் கை விரித்துவிடும். எக்ஸ்எஸ்எல்டி 2.0இல் அந்த வரிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நிற்கும். முதலிலேயே ½ஐ .5 ஆக்கிவிடுங்கள்.

போன மாசம் வரைக்கும் சரியா ஓடிச்சு. பிராசசரை மாத்தினதும் கண்டிஷன் தலைகீழாயிடுச்சு. ஃபைல்ல ஒரு எழுத்துகூட மாத்தலை, சத்தியமா!

நம்புகிறேன். பிராசசர் என்பது ஸ்டைல்ஷீட்டை (எக்ஸ்எஸ்எல்டி ஃபைலை) ஓட்டும் புரோகிராம், அது மாறினால் எக்ஸ்பாத் வெர்ஷனும் மாறலாம். 1999இல் வந்த எக்ஸ்பாத் 1.0இல் மொத்தமே நான்கு வகைதான்: நோட் செட் (ஃபைலில் இருந்து எடுத்த துண்டுகள்), ஸ்ட்ரிங், நம்பர், பூலியன் (ஆம் அல்லது இல்லை). அங்கே சிறியது, பெரியது குறி போட்டால் இரண்டு பக்கமும் கட்டாயம் எண்ணாக மாறும். 2.0இல் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் ஃபைலில் இருந்து வந்த மதிப்பாக இருந்தால் ஸ்ட்ரிங் ஒப்பீடு, மூன்றாவது கேள்வியில் சொன்னதுதான். அதனால் ‘கையிருப்பு 84, ஆர்டர் 120, கையிருப்பு குறைவா?’ என்ற பழைய கண்டிஷனுக்கு 1.0 ஆமாம் என்கிறது. 2.0 எட்டையும் ஒன்றையும் பார்த்து இல்லை என்கிறது.

ஸ்டைல்ஷீட்டின் தலையில் வெர்ஷன் 1.0 என்று இருந்து, பிராசசரும் பழைய முறையை ஆதரித்தால் பழையபடியே நடக்கும். யாரோ நல்ல எண்ணத்தில் அதை 2.0 ஆக்கியிருப்பார்கள். இரண்டு பக்கமும் நம்பர் பங்ஷன் போட்டுவிடுங்கள், எந்தப் பிராசசரிலும் ஒரே பதில் வரும்.

டோட்டல் வர்ற இடத்துல என்ஏஎன்னு வருது. அது யாரு?

எண் இல்லை என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் சேர்த்து வாசித்தால் ‘நான்’. தப்பு செய்தது யார் என்று கேட்டால் கம்ப்யூட்டர் ‘நான்’ என்று ஒப்புக்கொள்கிற ஒரே இடம் இதுதான்.

நம் சலானில் மூன்றாவது உருப்படிக்கு ஜோடி காலி. காலி ஸ்ட்ரிங் பூஜ்யம் அல்ல. எக்ஸ்பாத் 1.0இல் ஒரே ஒரு காலி இருந்தாலும் கூட்டுத்தொகை முழுக்க என்ஏஎன் ஆகிவிடும். 2.0இல் எஃப்ஓஆர்ஜி0001 என்ற எரரோடு நின்றுவிடும். அதுவே ஜோடி என்ற அட்ரிபியூட் அடியோடு இல்லாமல் இருந்தால் கூட்டல் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். காலியாக இருப்பது வேறு, இல்லாமலே இருப்பது வேறு. பைத்தானிலும் இந்த வித்தியாசம் வேறு உருவில் வரும். எலிமென்ட்ட்ரீயில் காலி எலிமென்ட்டின் (டேக் திறந்து மூடும் துண்டின்) டெக்ஸ்ட் ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை, என்று வரும், காலி அட்ரிபியூட் காலி ஸ்ட்ரிங்காக வரும்.

விலையில் 1,410.00 என்ற காற்புள்ளியும் இதே வேலையைத்தான் செய்யும். டிரான்ஸ்லேட் பங்ஷன் வைத்துக் காற்புள்ளியை எடுத்துவிட்டு மாற்றுங்கள். நம் ஊர்க் கணக்கில் 1,25,000 என்றும் வெளிநாட்டு இன்வாய்ஸில் 125,000 என்றும் இருக்கும். காற்புள்ளியை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ஜெர்மனி பையர் அனுப்பும் ஃபைலில் மட்டும் ஜாக்கிரதை. அவர்கள் பழக்கத்தில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. 385,50ல் அதை எடுத்துவிட்டால் 385 ரூபாய் 38 ஆயிரமாகிவிடும்.

அப்போ மாறுமா மாறாதான்னு முன்கூட்டியே எப்படிப் பார்க்கிறது?

எக்ஸ்பாத் 2.0இல் காஸ்டபிள் ஆஸ் என்று ஒன்று இருக்கிறது. ஜோடி காஸ்டபிள் ஆஸ் டெசிமல் என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லும், எரர் வராது. 1.0இல் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு பழைய தந்திரம்: நம்பர் பங்ஷனின் விடையை அதனோடேயே சம குறி போட்டு ஒப்பிடுங்கள். என்ஏஎன் தனக்கே சமம் இல்லை என்பதால், பொய் வந்தால் அது எண் இல்லை.

டபுளாக மாறுமா என்று கேட்காதீர்கள், டெசிமலாக மாறுமா என்று கேளுங்கள். ஐஎன்எஃப் (முடிவிலி), என்ஏஎன் என்ற எழுத்துகளையே டபுள் செல்லும் என்று ஏற்றுக்கொள்ளும். 12க்கும் 5க்கும் நடுவில் ஆங்கில ‘இ’ போட்ட ஆர்ட்டிகிள் கோடையும் 12 லட்சம் என்று வாசித்துவிடும். இன்னொன்று: 120.00 என்ற ஸ்ட்ரிங்கை நேராக இன்டிஜராக்க முடியாது. முதலில் டெசிமல், பிறகு இன்டிஜர்.

மாறாத வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவது மட்டும் வேண்டாம். தனிப் பட்டியலாக எடுத்து, சலான் எண்ணோடு சம்பந்தப்பட்டவருக்கு அனுப்புங்கள். கூட்டுத்தொகை வருவதை விட எது விட்டுப்போனது என்று தெரிவது முக்கியம்.

12 லட்சத்து 45 ஆயிரம் வர வேண்டிய இடத்துல 1.245இ6ன்னு பிரிண்ட் ஆகியிருக்கு. முதலாளிகிட்ட எப்படிக் காட்டுறது?

காட்டாதீர்கள். வகை முடிவாகாத சரக்கைக் கூட்டினால் டபுள் ஆகும் என்றேன் அல்லவா. 2.0இல் டபுளை ஸ்ட்ரிங்காக எழுதும்போது, பத்து லட்சத்தைத் தொட்டதும் அறிவியல் முறைக்கு மாறிவிடும். அதனால் சின்ன பில்லில் எல்லாம் சரியாக இருக்கும், பெரிய பில் வந்த அன்று மானம் போகும். சோதித்துப் பார்த்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது. சோதனைக்கு யார் 12 லட்சத்துக்கு பில் போடுவார்கள்?

ஒவ்வொரு விலையையும் டெசிமலாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள், 1245000 என்றே வரும். பணத்துக்கு எப்படியும் டபுள் ஆகாது. டபுளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். ஒரு பைசா வித்தியாசத்துக்கு ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடும் ஆடிட்டர்கள் நம் ஊரில் உண்டு.

0416ல இருந்த சைபரைக் காணோம்!

யாரோ அதை எண்ணாக்கிவிட்டார்கள். பைத்தான் லைப்ரரியான பாண்டாஸின் ரீட் எக்ஸ்எம்எல் வகையை அதுவாகவே ஊகிக்கும். 0416ஐ 416 ஆக்கும். இன்னொரு லைப்ரரியான எல்எக்ஸ்எம்எல்லின் ஆப்ஜெக்டிஃபையும் ஊகிக்கிற ரகம்தான். எக்செல்லைச் சொல்லவே வேண்டாம். பாண்டாஸ் 1.5க்கு மேல் டிடைப் என்று கொடுத்து அந்தக் காலத்தை (நெடுவரிசையை) ஸ்ட்ரிங்காகவே வைக்கச் சொல்லலாம்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: இதைக் கூட்டுவாயா, பெருக்குவாயா? ஆம்பூரின் எஸ்டிடி கோடை வேலூர் கோடோடு கூட்டி யாருக்கு என்ன லாபம்? எஸ்டிடி, சலான் எண், பின்கோடு, பேங்க் அக்கவுண்ட், பாலுக்கு வரும் 0401 போன்ற எச்எஸ்என் (சரக்கு வகைக் கோடு) எல்லாம் எண் வேஷம் போட்ட பெயர்கள். ஸ்ட்ரிங்காகவே விடுங்கள். சைபர் போவது கண்ணுக்காவது தெரியும். நீளமான அக்கவுண்ட் நம்பரில் கடைசி இலக்கம் மாறுவது தெரியாது. டபுள் 9007199254740992 வரைதான் முழு எண்களை ஒன்று விடாமல் தாங்கும். அடுத்த எண்ணான 9007199254740993ஐக் கொடுத்தால் 992 என்றே திரும்பி வரும். எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

முடிந்ததுன்ற இடத்துல ஃபால்ஸ்னு தெளிவா இருக்கு. ஆனா இஃப் உள்ள போயிடுது. பேய் பிடிச்சிருக்கா?

பேய் இல்லை. இஃப்பில் எலிமென்ட்டை மட்டும் கொடுத்தால் அது ‘இருக்கிறதா’ என்றுதான் பார்க்கும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. பைத்தானிலும் பூல் பங்ஷனுக்குள் காலியில்லாத எந்த ஸ்ட்ரிங்கைப் போட்டாலும் ட்ரூதான். இல்லை என்று எழுதிய சீட்டும் சீட்டுதானே.

ஸ்கீமா வகையின் பூலியன் ஏற்பது நான்கே எழுத்து வடிவம்: சின்ன எழுத்தில் ட்ரூ, ஃபால்ஸ், அப்புறம் 1, 0. பைத்தான் எழுதிய ஃபைலில் முதல் எழுத்து பெரியதாக இருக்கும், அது செல்லாது. எஸ், நோ செல்லாது. ட்ரூ பங்ஷனோடு ஒப்பிடும் வழியும் வேண்டாம், அது 1.0இல் ஒரு விதமாகவும் 2.0இல் வேறு விதமாகவும் நடக்கும். சின்ன எழுத்தாக்கி, ஏற்கும் சொற்களை நீங்களே பட்டியல் போட்டு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாதது வந்தால் அது ஃபால்ஸ் அல்ல, கேள்விக்குறி.

தேதியை டேட்டா மாத்தினா எரர். 05/06/2023ல இன்னா தப்பு?

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், நடுவில் சின்னக் கோடு போட்டு, மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கமாக இருந்தால்தான் டேட் வகை ஏற்கும்: 2023-06-05. 2023-6-5 கூடச் செல்லாது. சப்ஸ்ட்ரிங் வைத்து வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த வடிவத்துக்கு ஒரு லாபமும் உண்டு. ஸ்ட்ரிங்காகவே அடுக்கினாலும் கால வரிசை சரியாக வரும்.

சிக்கல் வெட்டுவதில் இல்லை. 05/06 என்பது ஜூன் 5ஆ, மே 6ஆ? நம் ஆட்கள் எழுதினால் ஜூன், அமெரிக்க பையர் எழுதினால் மே. ஒரு சலானை வைத்துச் சொல்லவே முடியாது. அதே இடத்தில் இருந்து வந்த பழைய ஃபைல்களை எடுத்து, முதல் எண் எங்காவது 12ஐத் தாண்டுகிறதா என்று தேடுங்கள். தாண்டினால் நாள் முன்னால். எங்கும் தாண்டாவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள், அதில் வெட்கம் எதற்கு.

நேரமும் சேர்ந்து வந்து கடைசியில் ஆங்கில ‘இசட்’ எழுத்து இருந்தால் அது கிரீன்விச் கணக்கு. ஜூன் 5 இரவு 23:30 என்று அங்கே எழுதியது இங்கே ஜூன் 6 விடிகாலை 5 மணி. முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு நாள் குறையும்.

டாலியில இருந்து எடுத்த எக்ஸ்எம்எல்லுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அதற்கென்று வழக்கங்கள் இருக்கின்றன. தேதி கோடே இல்லாமல் எட்டு இலக்கமாக வரும்: 20230605. இன்டிஜராக மாறுமா என்று கேட்டால் மாறும் என்றுதான் பதில் வரும், இரண்டு கோடிச் சொச்சம் என்று ஒரு தொகையாகவே நிற்கும். நான்கு, இரண்டு, இரண்டு என்று வெட்டி நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பூலியன் இடங்களில் எஸ், நோ. முன் சொன்னபடி பட்டியல் போட்டு ஒப்பிடுங்கள்.

தொகையின் முன்னால் கழித்தல் குறி இருந்தால் பதறி நீக்கிவிடாதீர்கள். அது பற்று, வரவு சொல்லும் குறி. ஆப்ஸலூட் போட்டு எல்லாவற்றையும் நேர் எண்ணாக்கி, பேலன்ஸ் இரண்டு மடங்காக நின்ற ஒரு மத்தியானத்தை நான் மறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

பார்க்க ஒண்ணாத்தான் இருக்கு, ஆனா சமம் இல்லைன்னு சொல்லுது.

வெற்றிடம். ஸ்கீமா இல்லாவிட்டால் எலிமென்ட்டுக்குள் இருக்கும் இடைவெளி, புது வரி எல்லாம் அப்படியே இருக்கும். எண்ணாக மாற்றும்போது ஓரத்து இடைவெளியை அது பொறுத்துக்கொள்ளும், ஸ்ட்ரிங் ஒப்பீட்டில் பொறுக்காது. நார்மலைஸ் ஸ்பேஸ் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வேர்டில் இருந்தோ வெப்பில் இருந்தோ ஒட்டிய, வரி உடையாத இடைவெளி எழுத்தாக இருக்கும். எக்ஸ்எம்எல் கணக்கில் வெற்றிடம் என்பது சாதா இடைவெளி, டேப், இரண்டு வித வரி முடிவு, அவ்வளவுதான். இந்த எழுத்து அந்த நான்கில் சேராது. டிரான்ஸ்லேட் போட்டு நீங்களே மாற்றுங்கள்.

தமிழ் எண்ல ௧௨௦ன்னு வந்தா? டேக்கே தமிழ்ல வெச்சிருக்கீங்களே, அது செல்லுமா?

டேக் பெயர் தமிழில் தாராளமாக வைக்கலாம், எக்ஸ்எம்எல் அனுமதிக்கிறது. மதிப்பு விஷயம் வேறு. ஸ்கீமா வகைகளின் இன்டிஜரும் டெசிமலும் 0 முதல் 9 வரை மட்டுமே ஏற்கும், ௧௨௦ எரர். ஆனால் எக்ஸ்பாத்தின் ரெகெக்ஸில் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் முறை) பின்சாய்வு டி போட்டுச் சோதித்தால் ‘ஆமாம், இலக்கம்தான்’ என்று விட்டுவிடும். யூனிகோடில் இலக்கம் என்று குறிக்கப்பட்ட எல்லாமே அதற்குள் அடக்கம். சோதனையில் தேறி, மாற்றும்போது விழும். சதுர அடைப்புக்குள் 0-9 என்று எழுதிச் சோதியுங்கள்.

பைத்தானின் இன்ட் பங்ஷன் ௧௨௦ஐ வாங்கி அழகாக 120 என்று கொடுக்கும். ஆனால் பழைய முறையில் ௱௨௰ என்று எழுதினால் கொடுக்காது. ௱, ௰ இரண்டும் யூனிகோடில் இலக்கம் அல்ல, வேறு வகை எண் குறி. கல்வெட்டை எக்ஸ்எம்எல் ஆக்குபவர்கள் தவிர யாருக்கும் இந்தக் கவலை வராது. ஒருவர் கேட்டார், அதனால் எழுதினேன்.

ஃபைலுக்குள்ளயே எக்ஸ்எஸ்ஐ டைப்னு போட்டு இன்டிஜர்னு எழுதிட்டா? டிடிடி வெச்சா?

எக்ஸ்எஸ்ஐ டைப் என்பது ஸ்கீமா வைத்துச் சரிபார்ப்பவருக்கு எழுதிய குறிப்பு. சரிபார்ப்பவரே இல்லாவிட்டால் அது இன்னொரு அட்ரிபியூட், அவ்வளவுதான். அதைப் படித்து அதன்படி மாற்றும் கோடை நீங்கள் எழுதலாம், சில இடங்களில் நானே எழுதியிருக்கிறேன். எக்ஸ்எஸ்ஐ நில்லும் அப்படித்தான். ட்ரூ என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும்.

டிடிடி என்பது ஸ்கீமாவுக்கு முந்திய விதிப் பட்டியல். அதற்கு எலிமென்ட்டுக்குள் இருப்பது எண்ணா தேதியா என்று சொல்லத் தெரியாது. அட்ரிபியூட்டில் மட்டும் ஐடி, ஐடிரெஃப், இன்னின்ன சொற்கள்தான் வரலாம் என்பது போன்ற சில வகைகள். ஐடிக்காக மட்டும் என்றால் 2005இல் வந்த எக்ஸ்எம்எல் ஐடியைப் பயன்படுத்துங்கள்.

நாலு ஃபைலைக் கொடுத்தா ஸ்கீமாவைத் தானே எழுதிக் கொடுக்கிற டூல் இருக்காமே?

இருக்கிறது. ஜேம்ஸ் கிளார்க் எழுதிய டிராங் ஒன்று, மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டுக்குள் ஒன்று. முதல் வரைவுக்கு நல்லது. ஆனால் பார்த்த ஃபைலை வைத்துத்தான் அது பேசும். டாட்நெட் கருவி ஜோடி காலத்தில் 120, 84 மட்டும் பார்த்தால் அன்சைன்டு பைட் என்று எழுதிவிடும். அதில் 255 வரைதான் இடம். அடுத்த வாரம் 300 ஜோடி சலான் வந்தால் செல்லாது என்று திருப்பி அனுப்பும். 00417ஐயும் எண் என்றே நினைக்கும். வரைவை எடுத்துக்கொண்டு, சைபர் கேள்வியில் சொன்ன சோதனையை ஒவ்வொரு காலத்துக்கும் போட்டுத் திருத்துங்கள். அப்புறம், எக்ஸ்எஸ்எல்டி ஓட்டும் சாக்ஸன் பிராசசரின் இலவசப் பதிப்பு ஸ்கீமா வைத்துச் சரிபார்க்காது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மாவட்டம் காலத்துக்கு லிஸ்ட் போட்டு செக் பண்றேன். பழைய ஃபைல் எல்லாம் ஃபெயில் ஆகுது.

எந்த வருஷத்து ஃபைல்? வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. அதன் பிறகு வந்த வேலூர் மாவட்டமும் 2019இல் மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஆம்பூர்க்காரரின் 2018 இன்வாய்ஸில் வேலூர் என்றும் 2020இல் திருப்பத்தூர் என்றும் இருக்கும், இரண்டும் சரி. பட்டியலில் பெயரோடு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்றும் வையுங்கள். பழைய ஃபைலில் இருப்பதை இன்றைய பெயருக்குத் திருத்தி எழுதுவது வேண்டாம். மூலம் மூலமாகவே இருக்கட்டும், புதுப் பெயரைத் தனிக் காலத்தில் போடுங்கள்.

டெசிமலாத்தான் மாத்தினேன், எரர் ஒண்ணும் இல்லை. ஆனா தோல் கணக்கு மட்டும் எப்பவும் குறையுதுக்கா.

இதற்குத்தான் எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒரு டேனரியில் இருந்து வந்த ஃபைல். ஒவ்வொரு தோலுக்கும் சதுர அடி: 12.3, 9.1, 14.2 என்று. காற்புள்ளி இல்லை, காலி இல்லை, எல்லாமே டெசிமலாக மாறின. மொத்தம் மட்டும் அவர்கள் நோட்டை விடக் குறைவு, எந்த லாட்டை எடுத்தாலும் குறைவு. கடைசியில் அளக்கும் இடத்துக்கே போய் அங்கிருந்த பெரியவரிடம் 12.3ஐக் காட்டிக் கேட்டேன். ‘பன்னெண்டே முக்கால்மா’ என்றார். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் மூன்று அல்ல, மூன்று கால். 12.75ஐ நாங்கள் 12.3 என்று வாசித்து, அந்த ஒரு தோலிலேயே கிட்டத்தட்ட அரை சதுர அடியை விட்டுக்கொண்டிருந்தோம்.

மாற்றுவது எளிது. மதிப்பின் கடைசியில் ‘.0’ ஒட்டிக்கொள்ளுங்கள், புள்ளியே இல்லாத 12க்கும் சேர்த்து வேலை செய்யும். முதல் புள்ளிக்கு முன்னால் இருப்பது அடி, பின்னால் இருப்பதை எண்ணாக்கி நான்கால் வகுத்துக் கூட்டுங்கள். ஆனால் புள்ளிக்குப் பின்னால் 4 முதல் 9 வரை ஏதாவது வந்தால், அல்லது இரண்டு இலக்கம் வந்தால், அந்த லாட்டை நிறுத்தி வையுங்கள். யாரோ கால்குலேட்டரில் போட்டு உண்மையான தசமத்தை எழுதியிருக்கிறார்கள். எந்தெந்த வரி என்று அவர்களுக்குத்தான் தெரியும்.